ஏற்காட்டில் குடும்பத்தோடு டென்ட் போட்டுத் தங்க எந்த அடுப்பு வாங்கலாம்? முழுமையான வழிகாட்டி

அடுப்பு வாங்கக் கடைக்குப் போகும் முன், மலைக்கு எடுத்துப் போகப்போகிற குக்கரையும் தோசைக்கல்லையும் எடுத்து வெளியே வையுங்கள். இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி அந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

முகாம் அடுப்பு பற்றிக் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பகுதி முதுகுப்பையோடு தனியாக மலையேறுகிறவருக்காக எழுதப்பட்டவை. அவருக்கு வேண்டியது அரை லிட்டர் வெந்நீர். அதை ஒரு பொட்டலத்தில் ஊற்றிக் கலக்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. அதனால் அவர் அடுப்பின் எடையைக் கிராம் கணக்கில் பார்க்கிறார். நம் வீட்டில் ஐந்தாறு பேர் காரில் போகிறோம். பாட்டிக்குக் கஞ்சி வேண்டும், குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், காலையில் பொங்கல், இரவில் தோசை. இதற்கு எடை குறைவான அடுப்பு உதவாது. அசையாமல் நிற்கிற, தீயைச் சின்னதாக வைக்க முடிகிற அடுப்புதான் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

1. எங்கே சமைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சேலத்தை ஒட்டி ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நிலம் பெரும்பாலும் இரண்டு வகை: காப்புக்காடு, தனியார் தோட்டம். காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கேஸ் அடுப்பு என்றாலும் நெருப்பு நெருப்புதான். மலைப்பாதை ஓரத்தில், கொண்டை ஊசி வளைவுப் பக்கத்துத் திட்டில், வண்டியை நிறுத்திவிட்டு டீ போடுகிறவர்களைப் பார்க்கிறோம். அந்தச் சரிவு முழுக்கக் காய்ந்த புல்லும் மூங்கிலும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் மலைத் தீ எவ்வளவு வேகமாகச் சரிவில் ஏறும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

ஆக, சமையல் என்றால் டென்ட் போட இடம் கொடுக்கும் காபித் தோட்டம், ஹோம்ஸ்டே, ரிசார்ட் வளாகம், இவைதான். முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். சொந்த அடுப்பு கொண்டுவரலாமா? எந்த இடத்தில் பற்றவைக்கலாம்? அந்த இடத்துக்கு மேலே கூரை இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏற்காட்டில் மழை சொல்லிக்கொண்டு வராது. மழைக்குப் பயந்து அடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகிற நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி.

சில இடங்களில் அவர்களே திறந்தவெளிச் சமையல் திண்ணை, மின்சார பிளக் எல்லாம் வைத்திருப்பார்கள். 16 ஆம்பியர் பிளக் இருந்து, மின்சாரமும் நிலையாக இருந்தால், வீட்டு இண்டக்ஷன் அடுப்பையே எடுத்துப் போய்விடலாம். ஆனால் மலையில் மழைக்காற்று அடித்தால் மின்சாரம் போகும். அதை மட்டும் நம்பிப் போக நான் சொல்லமாட்டேன்.

2. பாத்திரத்தை அளந்து பாருங்கள்

குடும்பத்தில் ஆறு பேர் என்றால் 5 லிட்டர் குக்கர் கட்டாயம். குக்கரோடு அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோவுக்குக் குறையாது. ஆவி வரும்போது அது லேசாக ஆடும், கரண்டி போட்டுக் கிண்டும்போது இன்னும் ஆடும். அடுப்பின் தாங்கிகள் இதைத் தாங்க வேண்டும்.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: குக்கரின் அடி விட்டம், தோசைக்கல்லின் விட்டம், நிறைந்த குக்கரின் எடை. டேப்பை வைத்து அளந்து செல்போனில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அடுப்போடு வரும் கையேட்டில் எவ்வளவு பெரிய பாத்திரம் வைக்கலாம், எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும். உங்கள் எண் அதற்குள் அடங்கவில்லை என்றால் ஒன்று அடுப்பை மாற்றுங்கள், இல்லை பாத்திரத்தை மாற்றுங்கள்.

பாத்திரம் பற்றி இன்னொன்று. சேலத்துக்காரர்களுக்கு எவர்சில்வரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, கஞ்சமலை அடிவாரத்தில் ஸ்டீல் ஆலையே இருக்கிறது. ஆனால் மெல்லிய எவர்சில்வர் குண்டான் முகாம் அடுப்புக்கு ஏற்றதல்ல. தீ ஒரே இடத்தில் குவிவதால் அடி பிடிக்கும். அடி கனமான பாத்திரம் எடுங்கள். வீட்டுத் தோசைக்கல் பெரிதாக இருந்தால் அதை விட்டுவிட்டு, சின்ன நான்ஸ்டிக் கல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கேசட் அடுப்பு பகுதியில் சொல்கிறேன், அது ருசி சம்பந்தப்பட்டதல்ல, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

3. அடுப்பு வகைகள்

*கேசட் அடுப்பு.* தட்டையான பெட்டி, பக்கவாட்டில் ஒரு மூடி, அதற்குள் நீளமான பியூட்டேன் கேனைப் படுக்க வைத்து நெம்புகோலைத் தள்ளினால் பற்றத் தயார். நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குடும்பம் காரில் போகிறதென்றால், என் தேர்வு இதுதான். பாத்திரம் தாழ்வாக உட்காரும், எளிதில் கவிழாது. பர்னர் அகலமாக இருப்பதால் தோசை நடுவில் கருகாமல் ஓரளவு சமமாக வேகும். சக்தி ஏறக்குறைய 2.2 கிலோவாட், அதாவது வீட்டு அடுப்பின் பெரிய பர்னருக்கு ஈடு. 220 முதல் 225 கிராம் கேன் ஒன்று, முழுத் தீயில் ஒன்றேகால் மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை எரியும்.

இதன் ஆபத்து ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. கேன் பர்னருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய தோசைக்கல்லை வைத்தால் அதன் விளிம்பு கேன் மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கல்லின் சூடு கீழே இறங்கிக் கேனைச் சுடும். உள்ளே அழுத்தம் ஏறும், வெடிக்கவும் செய்யும். இரண்டு கேசட் அடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டுப் பரோட்டா போடுவது இதைவிட மோசம். விதி எளிது: பாத்திரத்தின் விளிம்பு கேன் மூடிக்கு மேல் வரக் கூடாது. நல்ல அடுப்புகளில் அழுத்தம் மிஞ்சினால் கேனைத் தானாகக் கழற்றிவிடும் அமைப்பு இருக்கும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத அடுப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

*திருகு கேன் அடுப்பு.* குண்டான சின்ன கேன், அதன் தலையில் மடக்கும் பர்னர். உள்ளங்கையில் அடங்கும். இருவர் டீ போட, குழந்தைக்குப் பால் சூடாக்க அருமை. ஐந்து கிலோ குக்கரை இதன் மேல் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். உயரத்தில் மூன்று கம்பிகள் மேல் நிற்கும் பாரம் ஒரு குழந்தையின் கை பட்டாலே கவிழும். கேசட் அடுப்போடு இரண்டாவதாக இதை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, ஒன்றில் சோறு, ஒன்றில் காபி. அது நல்ல ஏற்பாடு. கேனைத் தரையில் தனியாக வைத்து, குழாய் வழியாகக் கேஸ் வரும் தாழ்வான வகையும் இருக்கிறது. அது இன்னும் நிலையாக நிற்கும்.

*5 கிலோ சிலிண்டரும் இரண்டு பர்னர் அடுப்பும்.* பெரியப்பா வீடு, சித்தி வீடு என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனால் இதுதான் சரி. எண்ணெய் நிறுவனங்களே விற்கும் 5 கிலோ சிலிண்டர் (இண்டேனில் ‘சோட்டு’ என்று பெயர்) ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். சிலிண்டருக்கு என்று கொடுக்கப்படும் ரெகுலேட்டரையே வாங்குங்கள். வீட்டில் இருப்பது பொருந்தவில்லை என்றால் அழுத்தித் திருகிப் பார்க்கக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட சுரக்ஷா டியூப், இரண்டு பக்கமும் கிளிப். இந்த ஏற்பாட்டில் தீ வீட்டில் இருப்பது போலவே இருக்கும், சமைக்கிற கைக்குப் பழக்கமானது. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவது வேண்டாம். நிறைந்தால் 30 கிலோ வரும், கொண்டை ஊசி வளைவில் அது உருண்டால் பிடிக்க முடியாது.

*தெருவோரம் நிரப்பித் தரும் சின்ன சிலிண்டர்.* தலையில் பர்னர் வைத்த இரண்டு மூன்று கிலோ சிலிண்டர், எங்கே கேட்டாலும் கேஸ் நிரப்பித் தருவார்கள். விலை குறைவு, பலர் வாங்குகிறார்கள். இதை மட்டும் உறுதியாக வேண்டாம் என்கிறேன். திரவ கேஸ் சூட்டில் விரியும். அதனால்தான் முறையான ஆலையில் சிலிண்டரின் மேல் பகுதியைக் காலியாக விட்டு நிரப்புகிறார்கள். தெருவில் ஒரு சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொன்றுக்குள் இறக்குகிறவரிடம் அந்த அளவு கிடையாது. கழுத்துவரை நிரம்பிய சிலிண்டரைச் சேலத்து மே மாத வெயிலில் கார் டிக்கியில் வைத்தால், விரிகிற திரவத்துக்கு உள்ளே போக இடமில்லை. போதாததற்கு இப்படி நிரப்புவது சட்டப்படி குற்றமும்கூட. காலி பியூட்டேன் கேனில் வீட்டு கேஸை இறக்கும் அடாப்டர்களுக்கும் இதே பதில்தான். வீட்டு கேஸில் புரொப்பேன் கலந்திருக்கிறது, அதன் அழுத்தம் பியூட்டேனைவிடப் பல மடங்கு. அந்த மெல்லிய தகரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

*பம்ப் ஸ்டவ்.* மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. குளிருக்கும் காற்றுக்கும் அது அசைந்து கொடுக்காது. ஆனால் மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, பின் குத்தி அடைப்பெடுக்க வேண்டும், காரில் ஒரு சொட்டு சிந்தினாலும் ஊர் திரும்பும்வரை வாடை. கைப்பழக்கம் உள்ளவர் கூடவே வந்தால் எடுத்துப் போங்கள். புதிதாக வாங்கத் தேவையில்லை.

*விறகு, கரி.* சில தோட்டங்களில் அவர்களே விறகும் இடமும் தருவார்கள். அவர்கள் காட்டிய இடத்தில் கோழி சுடலாம், மகிழ்ச்சியாக உட்கார்ந்து குளிர் காயலாம். தினச் சமையலுக்கு அதை நம்பாதீர்கள், ஈர விறகு பற்றுவதற்குள் பிள்ளைகள் பசியில் அழுதுவிடும்.

ஸ்பிரிட் அடுப்பு குடும்பத்துக்கு வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் குழந்தை இருந்தால் அந்த ஒரு காரணமே போதும்.

4. உயரம் சமையலை எப்படி மாற்றுகிறது

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு ஏறக்குறைய 1,500. சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுக்குப் போனால் 1,600ஐத் தாண்டும். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது.

கேட்க ஐந்து டிகிரி சின்ன வித்தியாசம். துவரம்பருப்பைத் திறந்த குண்டானில் வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பருப்பு வேறு தண்ணி வேறாக நிற்கும், கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வழி குக்கர்தான். விசில் எடை உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் சூடு 115 டிகிரிக்கு மேல் போகும், மலையின் உயரம் அங்கே பெரிதாகத் தெரியாது. வீட்டைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள், பருப்பை முன்கூட்டியே ஊறவையுங்கள், போதும். அதனால்தான் அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது குக்கரைத் தாங்குமா என்ற கேள்வியை முதலில் வைத்தேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. காபித் தூளில் ஊற்ற 90 முதல் 96 டிகிரி வரை இருக்கும் தண்ணீர்தான் பொருத்தம். ஏற்காட்டில் கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஃபில்டரில் ஊற்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி அது. தோட்டத்தில் தங்கினால் அங்கேயே வறுத்து அரைத்த தூள் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கி, ஒரு டிகாஷன் போட்டுப் பாருங்கள்.

குளிருக்கும் கேஸுக்கும் உள்ள உறவையும் தெரிந்துகொள்ள வேண்டும். பியூட்டேன் சுமார் பூஜ்யம் டிகிரியில்தான் திரவத்திலிருந்து வாயுவாக மாறும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12இல், புரொப்பேன் மைனஸ் 42இல். டிசம்பர், ஜனவரி விடியலில் ஏற்காட்டில் நன்றாகவே குளிரும், ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆகவே சாதாரண பியூட்டேன் கேன் எரியும். ஆனால் எரிய எரியக் கேன் தானே குளிர்ந்துகொண்டு போகும். பாதிக்கு மேல் தீர்ந்த கேனில் விடியற்காலையில் தீ சோம்பலாக இருக்கும். அதற்காகக் கேனை வெந்நீரில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கம் நகர்த்தாதீர்கள். காலைச் சமையலுக்குப் புதுக் கேனைப் போட்டு, பாதிக் கேனை மதிய வெயிலில் சமைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

5. எவ்வளவு கேஸ் வேண்டும்? வீட்டு சிலிண்டரே சொல்லும்

உங்கள் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது? 40 நாள் என்றால் நாளுக்கு 355 கிராம். இதைவிட நம்பகமான கணக்கு வேறு கிடையாது, ஏனென்றால் அதில் உங்கள் வீட்டுச் சமையல் பழக்கம் முழுக்க அடங்கியிருக்கிறது. திறந்தவெளியில் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும், அதனால் ஒன்றரையால் பெருக்குங்கள். பிறகு கீழிருந்தே கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்காகக் கழித்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியிலும் சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காற்றில்லாத இடத்தில் 15 கிராம் கேஸ் போதும், காற்றடிக்கும் இடத்தில் 25 வரை போகும். ஆறு பேர், ஓர் இரவு, இரண்டு பகல் என்று வைத்து ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் மதியம் புளியோதரை, தயிர்சாதம் வீட்டிலிருந்து. மாலை டீ 30 கிராம். இரவு தோசைக்கு 80. குடிக்க, பாலுக்கு வெந்நீர் 35. காலையில் இரண்டு சுற்றுக் காபி 50. குக்கர் பொங்கல் 60. மதியம் சாம்பார் சாதம் 70, ஆம்லெட்டும் பொரியலும் 40. மொத்தம் 365 கிராம். இரண்டு கேனில் அடங்கும், மூன்றாவது கைவசம் இருக்கட்டும். மலை மேல் எந்தக் கடையில் கேன் கிடைக்கும் என்று தேடிக்கொண்டு அலைய வேண்டாம். சேலத்திலேயே வாங்கி ஏறுங்கள். கேன் கேஸ் கிலோ கணக்கில் பார்த்தால் வீட்டு கேஸைவிடப் பல மடங்கு விலை. அடிக்கடி போகிற பெரிய குடும்பத்துக்கு 5 கிலோ சிலிண்டர் லாபமாவது இதனால்தான்.

பட்டியலையே கேஸுக்கு ஏற்றபடி மாற்றலாம். நம்மூர் ஜவ்வரிசி இதற்குப் பொருத்தமான பொருள். கிளம்பும்போது கழுவி ஊறவைத்து டப்பாவில் போட்டுவிட்டால், மாலையில் போய்த் தாளித்துக் கிளறினால் பத்து நிமிடத்தில் உப்புமா தயார். நன்றாக ஊறிய பச்சைப்பயறும் அப்படித்தான்.

6. கடையில் பார்க்க வேண்டியவை

குக்கரைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். அடுப்பின் மேல் வைத்து, கைப்பிடியைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். அடுப்பு நகர்கிறதா, தாங்கி வளைகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தீயின் அளவு. முழுத் தீ எல்லா அடுப்பிலும் நன்றாகத்தான் எரியும். குமிழைத் திருப்பி ஆகச் சின்ன தீக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அணையாமல் நிற்கிறதா? கஞ்சியும் பாலும் காய்ச்சுகிற நமக்கு அந்தச் சின்ன தீதான் முக்கியம். பர்னரைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு விளிம்பு இருந்தால் நல்லது. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு என்றால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள்.

சிலிண்டரில் இன்னொன்று பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் பக்கத்தில் ஆண்டின் கடைசி இரு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே வரிசையாக. அதுதான் அடுத்த சோதனைக்கான கெடு. கெடு தாண்டியதை வாங்காதீர்கள். கேனில் துருவோ நெளிவோ இருந்தாலும் வேண்டாம்.

7. மொட்டை மாடியில் ஒரு சமையல்

புது அடுப்பை முதல் தடவையாக மலையில் பற்றவைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், மலையில் செய்யப்போகிற அதே பொங்கலை அதே குக்கரில் செய்யுங்கள். யார் சமைக்கப்போகிறார்களோ அவர்களே செய்யட்டும். பல வீடுகளில் அப்பா அடுப்பைத் தேர்ந்தெடுக்கிறார், அம்மா சமைக்கிறார். அம்மாவுக்குக் குனிந்து சமைக்க முடியுமா, பலமான மடக்கு மேசை வேண்டுமா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

சமையலறைத் தராசில் கேனை முன்னும் பின்னும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு எத்தனை கிராம் ஆயிற்று என்பது உங்கள் சொந்த எண்ணாகக் கிடைத்துவிடும். என் பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு அதை வைத்துக்கொள்ளலாம். பாதி தீர்ந்த கேனில் எவ்வளவு மிச்சம் என்பதையும் எடைதான் சொல்லும், குலுக்கிப் பார்ப்பதில் தெரியாது.

கேனை மாட்டும் முறையையும் அங்கேயே பழகுங்கள். கேசட் கேனின் கழுத்து வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். அது மேல்நோக்கி இருக்கும்படி வைத்து மாட்ட வேண்டும். கோணலாக மாட்டினால் வாயுவுக்குப் பதில் திரவம் பாய்ந்து தீ குபுக்கென்று எழும். பெட்டிக்குள் அடங்குவதற்காகச் சில அடுப்புகளில் தாங்கித் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், அதைத் திருப்பிப் போட்ட பிறகே பற்றவைக்க வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது கூடவே கூடாது.

8. மலைக்கு எடுத்துச் செல்லுதல்

கேன்களில் 50 டிகிரிக்கு மேல் சூடுபடக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். கோடையில் சேலத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். கேன்களைக் கடைசியாக ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள். நடுவில் சாப்பிட வண்டியை நிறுத்தினால் நிழல் பார்த்து நிறுத்துங்கள். சிலிண்டர் என்றால் வால்வை மூடி, பாதுகாப்பு மூடி போட்டு, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டுங்கள், 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ரயிலில் வருகிற உறவினர்களிடம் அடுப்பை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். ரயிலில் கேஸ் சிலிண்டரும் கேனும் கொண்டுவரக் கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி எடுத்துவந்த சிலிண்டரால் பற்றிய தீயில் 9 பேர் இறந்தார்கள். விமானத்திலும் கேன் ஏற்ற முடியாது. எரிபொருளைச் சேலத்தில் இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம்.

9. இடத்தில் வைக்கும் விதம்

காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் கோடையில் நிறைய இலையைக் கொட்டும். காலை வைத்தால் சரசரக்கும் அளவுக்குக் காய்ந்த மெத்தை. அடுப்பு வைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு இலையைப் பெருக்கித் தள்ளி, மண் தெரியும்படி செய்யுங்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் நிறைத்து வையுங்கள்.

டென்டிலிருந்து தள்ளியே சமையல். டென்டுக்குள்ளோ, அதன் முன்வாசல் துணிக்கு அடியிலோ, மழை பெய்தாலும் அடுப்பு வேண்டாம். டென்ட் துணி பற்றினால் நொடியில் உருகி மேலே விழும். அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு மூடிய இடத்தில் சேர்ந்தால், தூக்கம் வருவது போலிருக்கும், எழுந்திருக்க முடியாது. குளிருக்காக அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். அப்புறம், கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் குழிவான இடத்தில் அடுப்பும் வேண்டாம், அடுப்புக்குக் கீழ்ச்சரிவில் டென்டும் வேண்டாம்.

காற்றுக்கு மறைப்பு கட்டுவதிலும் ஒரு கவனம். மடக்கும் தகடு இரண்டு பக்கம் போதும். அடுப்பைச் சுற்றி முழுக்க மூடினால் சூடு திரும்பிக் கேன் மீது அடிக்கும். கேன் இருக்கும் பக்கம் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

அடுப்பைச் சுற்றி ஒரு கயிற்றைத் தரையில் போட்டு, பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது என்று வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் நைலான் ஜாக்கெட் எல்லாவற்றையும் செருகிக்கொண்டுதான் அடுப்புப் பக்கம் போக வேண்டும். பனிமூட்டத்தில் அடுப்பின் ஆட்டோ இக்னிஷன் வேலை செய்யாமல் போகலாம். பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தீப்பெட்டியும் ஒரு லைட்டரும் இருக்கட்டும். குரங்குகளைப் பற்றியும் சொல்லிவைக்கிறேன். பாத்திரம் திறந்திருந்தால் தாவி வரும், கொதிக்கிற குக்கர் பக்கத்தில் அது நடந்தால் விபரீதம். சாமான்களை மூடிய டப்பாவில் வைத்து, எச்சிலையும் மிச்சத்தையும் உடனே கட்டி எடுத்துவிடுங்கள். இரவில் காட்டெருமைகள் தோட்டத்துக்குள் வருவதுண்டு, இருட்டிய பின் தள்ளிப்போய்ப் பாத்திரம் கழுவுவதைக் காலைக்கு ஒத்திப்போடலாம்.

சமையல் முடிந்ததும் கேனைக் கழற்றிவிட வேண்டும். அடுப்புக்குள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

10. வீடு திரும்பிய பின்

காலிக் கேன்களை மலையில் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். நெருப்பில் போடவே கூடாது, காலி என்று நினைப்பதில் கொஞ்சம் கேஸ் எப்போதும் இருக்கும். குப்பை வாங்க வருகிறவரிடம் பிரித்து, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுப்பில் பொங்கி வழிந்த பாலும் எண்ணெயும் காய்ந்திருக்கும். பர்னர் துளைகளைப் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர்த்தி, துணிப்பையில் கட்டி வையுங்கள். குளவியும் சிலந்தியும் பர்னருக்குப் போகும் குழாய்க்குள் கூடு கட்டும். அடுத்த தடவை எடுக்கும்போது தீ நீலமாக எரியாமல் மஞ்சளாகப் புகைந்தால் அங்கேதான் அடைப்பு. மெல்லிய கம்பியால் சுத்தம் செய்து, மொட்டை மாடியில் ஒரு தடவை பற்றவைத்து நீலச் சுடர் வருகிறதா என்று பார்த்த பிறகே காரில் ஏற்றுங்கள்.